ஓசிஐ அட்டையோடு ஊர் திரும்புவது எப்படி: சிங்கப்பூரில் முடிக்க வேண்டிய வேலைகள்

தமிழ்நாட்டில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர்களில் பலர், ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை வாங்கிவிட்டால் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் கையில் இருப்பதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிங்கப்பூரும் சரி, இந்தியாவும் சரி, பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஓசிஐ என்பது வாழ்நாள் விசா. எத்தனை வருடம் வேண்டுமானாலும் தங்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது, அரசு வேலை கிடைக்காது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா வழியில் வாரிசாக வரும் நிலத்துக்குத் தடையில்லை. ஊரில் நாலு ஏக்கர் வாங்கிப் பயிர் வைக்கும் ஆசையோடு கிளம்புகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்துக்கு எல்லாவற்றையும் இப்போதுதான் முடித்தேன். அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாமல் ஓசிஐ பக்கம் போகாதீர்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வையுங்கள்.

அடுத்தது இணைய விண்ணப்பம். படிவம் நிரப்புவது சுலபம், எனக்கு அதிக நேரம் பிடித்தது படமும் கையெழுத்தும்தான். இங்கே போட்டோ கடையில் பாஸ்போர்ட் படம் என்று கேட்டால் வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மில்லிமீட்டரில் எடுத்துக் கொடுப்பார்கள், சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு அதுதான் அளவு. ஓசிஐக்கு 51க்கு 51, சதுரம், பின்னணி வெளிர்நிறமாக இருக்கலாம், வெள்ளையாக இருக்கக் கூடாது. நான் வெளிர்நீலப் படுக்கை விரிப்பை இஸ்திரி போட்டுச் சுவரில் மாட்டி, நிழல் விழாமல் இருக்க ஒரு கை தூரம் தள்ளி நிற்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வீட்டிலேயே எல்லோரையும் எடுத்தேன், நன்றாகவே வந்தது. கையெழுத்துப் படத்தின் அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும், 600க்கு 200 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலருக்குக் கையெழுத்து மேலும் கீழும் சுழித்துக்கொண்டு போகும், கட்டத்துக்குள் வெட்டினால் பாதி காணாமல் போய்விடும், அதனால் வெள்ளைத் தாளில் தடித்த பேனாவால் கொஞ்சம் அகலமாகப் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். வெட்டுவதற்கு விண்டோஸில் இருக்கும் பெயிண்ட் போதும். பிடிஎஃப் அளவைக் குறைக்கிறோம் என்று முன்பின் தெரியாத இலவச இணையதளங்களில் பாஸ்போர்ட் நகலை ஏற்றவே ஏற்றாதீர்கள், அதில் உங்கள் முழு விவரமும் இருக்கிறது.

அப்புறம் மூலப் பத்திரங்களோடு நேரில் போக வேண்டும். அது சொன்ன நேரத்துக்குப் போனால் முடிந்துவிடும் வேலை.

இனி சிங்கப்பூர்ப் பக்கம். முகவரி மாறினால் 28 நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும், வெளிநாட்டு முகவரிக்கும் இது பொருந்தும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுதாக வாடகைக்கு விடுவதென்றால் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். குடிமகனாக இருக்கும்வரை, வெளிநாடு போகிறோம் என்பதற்காக மசேநிதி (மத்திய சேமநிதி) பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, அதை நம்பி ஊரில் வீடு கட்டத் தொடங்காதீர்கள்.

ஆண் பிள்ளை இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்: 13 வயதிலிருந்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க எக்ஸிட் பெர்மிட் என்ற அனுமதி வேண்டும். ஊரில் படித்தாலும் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவ சேவை, காத்திருக்கிறது. பையனிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள், அவன் வாழ்க்கை அது.

பிற்சேர்க்கை: படித்துவிட்டு நண்பர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள். ஆதார் உண்டா? உண்டு, முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் மாறினால் ஓசிஐயும் மாற்ற வேண்டுமா? 20 வயதுக்குள் புது பாஸ்போர்ட் எடுக்கும்போதெல்லாம், 50 வயதுக்குப் பிறகு ஒரு முறை, புதுப் படத்தையும் பாஸ்போர்ட் நகலையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. 20 வயதுக்கு முன்பே ஓசிஐ வாங்கியவர்கள், 20 வயதுக்குப் பிறகு எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் புது அட்டைக்கே விண்ணப்பிக்க வேண்டும்.