மூக்குத்தியைக் கழற்றிய பிறகுதான் தூக்கம் வந்தது

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கத்தான் போனேன். உயரம் 157 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. டாக்டர் டேப்பை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் பார்த்தார்: 42 சென்டிமீட்டர். “குறட்டை உண்டா டீச்சர்?” என்று என்னைக் கேட்டார். பதில் சொன்னது என் வீட்டுக்காரர். “குறட்டை பரவாயில்ல சார். திடீர்னு நின்னுரும். எப்ப மூச்சு விடுவாளோன்னு எந்திரிச்சு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பேன்.” இருபது வருஷத்தில் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை மனுஷன்.

ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் சோதனை, எடுத்தார்கள். மணிக்கு 52 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர், 30 போனாலே கடுமை என்று கணக்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 71 சதவீதம் வரை இறங்கியிருந்தது. தேதி தள்ளிப்போனது. “ஒரு மாசம் சிபாப் போட்டுத் தூங்குங்க, மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்புற மெஷின். ஒரு ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது இருக்கணும். மெஷின்ல எல்லாம் பதிவாகுற ஒரு கார்டு இருக்கும், அதைக் கொண்டு வாங்க, பேசுவோம்.”

ஏன் இந்தக் கண்டிப்பு என்பதை மயக்க மருந்து டாக்டர்தான் விளக்கினார். மயக்க மருந்தும் அதற்குப் பிறகு கொடுக்கும் சில வலி மருந்துகளும் தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும். சாதாரணத் தூக்கத்திலேயே அடைத்துக்கொள்ளும் தொண்டை, அந்த அரை மயக்கத்தில் இன்னும் சுலபமாக அடைத்துக்கொள்ளும். மூளை “எழுந்திரு” என்று உதைப்பதும் அப்போது தாமதமாகும். ஆபரேஷன் முடிந்த ராத்திரி மாஸ்க் போட்டே ஆக வேண்டும். அன்றைக்குத்தான் முதல் தடவை போடுகிறேன் என்றால் யாருக்கும் முடியாது.

சிபாப் ஆக்சிஜன் மெஷின் இல்லை. அறைக் காற்றையே கொஞ்சம் அழுத்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். காற்று இறங்கிய சைக்கிள் ட்யூப் தட்டையாக ஒட்டிக்கொள்ளும், அடித்தால் ஒட்டாது, அதே சங்கதி. எனக்கு வைத்த அழுத்தம் 11. அதாவது 11 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீரின் அடியில் இருக்கும் அழுத்தம்தான். இயற்பியல் டீச்சருக்கே இது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. முதல் ராத்திரி புயல் மாதிரி இருந்தது. இருபதாவது நிமிஷம் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

தப்பு எங்கே என்று பிறகு புரிந்தது. மெஷின் கொண்டு வந்த பையன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, முகம் முழுக்க மூடும் மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக் காட்டிவிட்டு, பத்து நிமிஷத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். உட்கார்ந்தால் ஒரு முகம், படுத்தால் ஒரு முகம். கன்னச் சதை பக்கவாட்டில் சரியும். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, அந்த நிலையில்தான் வாரைச் சரிசெய்ய வேண்டும். மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு காற்றில் உப்பி முகத்தில் படிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். காற்று கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் விளிம்பு நசுங்கி, கசிவு அதிகமாகத்தான் ஆகும். என் கண்ணுக்குள் காற்று ஊதியது அதனால்தான். மாஸ்க்கை ஒரு தடவை முகத்திலிருந்து லேசாக இழுத்து, அதுவாகப் படியவிடுங்கள். வாருக்கடியில் விரல் நுழைய வேண்டும்.

ராத்திரியில் பழக முயலாதீர்கள். நான் மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்குக்கு மாறி, பழகுவதைப் பகலுக்கு மாற்றினேன். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு மேஜையில் இருந்தது. முதல் நாள் வார் கட்டாமல் மாஸ்க்கைக் கையால் மூக்கில் பிடித்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, இரண்டு விடைத்தாள் திருத்தினேன். வேண்டாம் என்றால் கையை எடுத்தால் போதும் என்ற தைரியம்தான் முக்கியம். மறுநாள் வாரோடு ஐந்து தாள். நாலாம் நாள் பத்து தாள். மாஸ்க் இருப்பதே மறந்து, ஒரு பையன் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு எழுதியிருந்த பதிலைப் பார்த்துச் சிரித்தேன். வாயைத் திறந்ததும் தொண்டைக்குள் வந்த காற்றெல்லாம் வாய் வழியே குபுகுபுவென்று கொட்டியது. பயந்துவிட்டேன், ஆனால் நல்ல பாடம்: மூக்கு மாஸ்க்கில் வாய் மூடியிருக்க வேண்டும். தூக்கத்தில் வாய் திறப்பவர்களுக்குத் தாடையைத் தாங்கும் பட்டை உண்டு, அல்லது முழு முக மாஸ்க். ஆறாம் நாள் மதியம் முக்கால் மணி நேரம் தூங்கினேன். அதற்குப் பிறகுதான் ராத்திரி.

மெஷினில் ‘ராம்ப்’ என்று ஒன்று இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றும். எல்லோரும் 4-இல் ஆரம்பிக்கச் சொல்வார்கள். எனக்கு 4-இல் மூச்சே போதவில்லை, முட்டியது. நுரையீரல் டாக்டர் அதை 6 ஆக்கினார், சரியாகிவிட்டது. மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிற வசதியும் இருக்கும், அதையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். 11-ஐ மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள் என்று அர்த்தம், அதையும் டாக்டரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

இனி மூக்குத்தி. மூக்கு மாஸ்க்குக்கு மாறிய பிறகும் இடது பக்கம் ‘புஸ்’ என்று ஒரு கசிவு நிற்கவே இல்லை. வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஏழு கல் மூக்குத்தி சிலிக்கோன் விளிம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூக்குத் துவாரத்துக்குள் செருகும் சின்ன மாஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் உள்ளே திருகு குத்துகிறது. மாமியாருக்குச் சம்மதமில்லை. “ராத்திரி மூக்கு மொட்டையாவா?” என்றார். ஆபரேஷன் தியேட்டரில் எப்படியும் கழற்றத்தானே சொல்வார்கள் என்று சமாதானம் செய்தேன். ராத்திரி கழற்றி, காலையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஐந்தே கால் மணி நேரம்.

எண்ணெயும் அப்படித்தான். படுக்கும் முன் முகத்தில் தேங்காய் எண்ணெய், க்ரீம் எது தடவினாலும் மாஸ்க் வழுக்கும், சிலிக்கோனும் சீக்கிரம் கெடும். முகம் கழுவித் துடைத்துவிட்டுப் போடுங்கள். கொண்டை போட்டால் பின்வார் நகர்ந்துவிடும். தளர்ந்த பின்னல்தான் சரி. ஆண்களுக்குத் தாடி இதே தொல்லை.

மூக்கு வறண்டு அடைத்தால் தண்ணீர் டேங்க்கைப் பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேளுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் மூச்சுக்காகத் தயாரித்ததில்லை. மார்கழியில் எனக்கு வேறு சிக்கல்: ஃபேன் காற்றில் ட்யூப் குளிர்ந்து, உள்ளே ஈரம் கோத்து, ஹூக்கா மாதிரி குடகுடவென்று சத்தம். பழைய வேட்டியைக் கிழித்து ட்யூப் மேல் சுற்றித் தைத்தேன், மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே முக்காலியில் வைத்தேன். நின்றுவிட்டது.

மெஷின் சத்தத்துக்கு வீட்டுக்காரர் முணுமுணுத்தார். இதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1980-இல் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் ஆரம்பித்தார், அதற்கு இது தேவலை என்றேன். என் குறட்டைக்கு இது தாலாட்டு என்று இரண்டே நாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், பெரும்பாலும் எழுந்துவிடுவீர்கள், பயம் வேண்டாம். இன்வெர்ட்டரில் ஓட்டலாம், சைன் வேவ் வகையாக இருக்கட்டும். டேங்க்கின் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி விடியும்வரை தாங்கும். தினமும் காலையில் மாஸ்க்கைக் குழந்தை சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வாரம் ஒரு நாள் ட்யூப்பை. டெட்டால் வேண்டாம்.

நாலு வாரம் கழித்துக் கார்டைக் காட்டினேன். சராசரி ஐந்தரை மணி நேரம், மூச்சு நிற்பது மணிக்கு 4. ஏழாவது பீரியடில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு கண் சொருகுவது நின்று பத்து நாள் ஆகியிருந்தது. தேதி கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்கு உங்கள் சொந்த மெஷினையும் மாஸ்க்கையும் எடுத்துப் போங்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள், மயக்க மருந்து டாக்டரிடம் கையில் காட்டுங்கள். வெட்டித் தைத்த இரைப்பையைக் காற்று பிரித்துவிடாதா என்று நானும் கேட்டேன். ஆராய்ச்சிகளில் அப்படிக் கசிவு கூடியதாகத் தெரியவில்லை என்றார். கண் விழித்தபோது மாஸ்க் முகத்தில் இருந்தது. தலைமாட்டில் நர்ஸ் வாரை இறுக்கப் போனார். “இறுக்காதீங்கம்மா, விரல் போகணும்” என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை.

மூன்று மாதத்தில் 19 கிலோ குறைந்ததும் மாஸ்க் மறுபடி கசிய ஆரம்பித்தது. கன்னம் வற்றிவிட்டது. ஒரு சைஸ் சின்னதாக வாங்கினேன். இளைத்துவிட்டோம் என்று நீங்களாகவே மெஷினைத் தூக்கிப் பரணில் வைக்காதீர்கள், சிலருக்கு நோய் முழுதாகப் போவதில்லை. எனக்கு அடுத்த ஸ்லீப் ஸ்டடி சித்திரையில். அதுவரை ஒன்பதரை மணிக்கு மூக்குத்தி குங்குமச் சிமிழுக்குள் போய்விடும்.