ஆன்லைன் கடை முகப்பு: போனில் கேட்பதை முன்னால் வையுங்கள்

விளாத்திகுளத்தில் இருந்துகொண்டு நாலு வருடமாக ஆன்லைனில் கருப்பட்டி விற்கிறேன். முதல் வருடம் எங்கள் கடையின் முகப்புப் பக்கம் பார்க்க அத்தனை அழகு. பனைக்குப் பின்னால் சூரியன் உதிக்கும் படம், அதன் மேல் 'பாரம்பரியத்தின் இனிமை' என்று வளைந்த எழுத்து, தானாக நகரும் ஐந்து பேனர்கள். ஆர்டர்தான் வரவில்லை. போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "என்னம்மா விக்கிறீங்க, பதநீரா?" என்று கேட்டவரும் உண்டு.

அத்தை சந்தையில் முப்பது வருடம் கருப்பட்டி விற்றவர். நான் போனில் பதில் சொல்லிச் சலிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏளா, வந்தவுக என்ன கேக்காவளோ அதை முன்னால எடுத்து வையேன்" என்றார். டிசைனருக்குக் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டே ஒரு நோட்டை எடுத்தேன்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். பத்து நாள், போனிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை நாலு: சீனி கலந்ததா? கிலோ என்ன விலை? எங்க ஊருக்கு எத்தனை நாளில் வரும்? கையில் வாங்கிவிட்டுப் பணம் கொடுக்கலாமா? ஐப்பசி பிறந்தால் ஐந்தாவதாக ஒன்று சேரும்: மழையில் கசிந்துபோகாதா?

இவற்றில் முதல் மூன்றுக்காவது, போனில் பக்கம் திறந்ததும் விரலை நகர்த்தாமலே பதில் தெரிய வேண்டும். 'பாரம்பரியத்தின் இனிமை'யை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: 'வேம்பார் பனங்கருப்பட்டி, சீனி கலக்காதது. அரைக் கிலோ 260 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் 3 நாளில் வரும்.' கீழே ஒரே பட்டன், 'எல்லா விலையும் பார்க்க'. மூன்று பட்டன் வைத்தால் எதை அழுத்துவது என்று யோசிக்கும் நேரத்தில் ஆள் போய்விடுவார்.

'உடன்குடி என்று போடுங்க, அதுதான் பேர்' என்று அப்போது ஒருவர் யோசனை சொன்னார். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பெயர் அந்தப் பகுதிச் சரக்குக்கே உரியது என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. எங்கள் சரக்கு வேம்பார்ப் பக்கத்துச் சரக்கு, அதனால் வேம்பார் என்றுதான் போட்டேன். இன்னோர் ஊரின் பெயரைப் போட்டு விற்றால், சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், தின்று பழகியவர் முதல் கருப்பட்டி வட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நகரும் பேனர் வேண்டவே வேண்டாம். இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஒன்றை அழுத்தப் போகும்போது அது நகர்ந்து வேறொன்று திறந்துகொள்ளும். போதாததற்கு ஐந்து படத்தின் பாரமும் பக்கத்தின் தலையில். நிலையான ஒரு படம் போதும், ஆனால் அந்த ஒரு படத்துக்கு மெனக்கெட வேண்டும்.

நான் எடுத்த முதல் படத்தில் வெள்ளைத் தட்டில் மூன்று வட்டு இருந்தன. கருங்கல் துண்டு மாதிரி இருந்தது. பிறகு காலை ஏழு மணிக்கு ஜன்னல் ஓரம் மரப்பலகையைப் போட்டு, ஒரு வட்டை உடைத்து, உடைந்த பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி வைத்தேன். பக்கத்தில் அத்தையின் கை. உள்ளே இருக்கும் நிறம், சிரட்டையில் ஊற்றிய வளைவு, கையளவுக்கு எவ்வளவு பெரியது என்பது மூன்றும் ஒரே படத்தில் வந்துவிட்டன. 'எவ்வளவு பெரிசு இருக்கும்?' என்ற கேள்வி அதோடு நின்றுபோனது. சீனிக் கேள்விக்கு '100% சுத்தம்' என்று எழுதிப் பயனில்லை, கலப்பவரும் அதையேதான் எழுதுகிறார். யாரிடம் வாங்குகிறோம் என்று இரண்டு வரி, பதநீர் காய்ச்சும் இடத்தில் எடுத்த படம், பரிசோதனைக்கூட அறிக்கைக்கு ஒரு லிங்க். இவ்வளவுதான் நம்மால் செய்ய முடிந்தது.

போனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும். அப்படியே ஏற்றாதீர்கள். வெப்பி (WebP) என்ற, பாரம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம் பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று சொல்லும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் உங்கள் பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. திரையின் முக்கியமான படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் வந்துவிட்டால் நல்லது என்பது கூகுளின் கணக்கு. படத்துக்கு அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிடும்படி பக்கத்தைச் செய்பவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் தாமதமாக வந்து பக்கத்தைக் கீழே தள்ளும். வாங்கப் போன விரல் வேறெங்கோ படும்.

முதல் திரைக்குக் கீழே எங்களிடம் ஐந்து பொருள்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எடையும் விலையும் உண்டு. பிரிவுகளுக்கு 'இயற்கை இனிப்புகள்' என்று பெயர் வைத்திருந்தோம், ஒருவரும் தொடவில்லை. 'கருப்பட்டி', 'சில்லுக் கருப்பட்டி', 'பனங்கற்கண்டு' என்று மாற்றினோம். தேடல் பெட்டியில் என்ன தட்டுகிறார்கள் என்பதையும் மாதம் ஒருமுறை பாருங்கள். ஆங்கில எழுத்தில் கருப்பட்டியை ஏழெட்டு விதமாக எழுதுகிறார்கள், எல்லாவற்றுக்கும் அதே பொருள் வந்து நிற்க வேண்டும்.

பக்கத்தின் அடியில் கடை முகவரி, போன் எண், 14 இலக்க உணவு உரிம எண், புகார்களைப் பார்க்கும் அலுவலர் பெயர். மின்வணிகத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நம் வீட்டு முகவரியை எதற்குப் போடுவது என்று நானும் தயங்கினேன். போட்ட பிறகு 'நிஜமா கடை இருக்கா?' என்று யாரும் கேட்பதில்லை.

திறந்ததும் எகிறிக் குதித்து போன் நம்பர் கேட்கும் பெட்டி வேண்டாம். வாசலிலேயே மறித்து 'பேரு என்ன, ஊரு என்ன' என்று கேட்கும் கடைக்குள் யார் போவார்?

எல்லாம் முடிந்ததும் பக்கத்தை உங்கள் கடையைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் நீட்டுங்கள். நான் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அக்காவிடம் நல்ல வெயிலில் போனைக் கொடுத்தேன். ஐந்து வரை எண்ணி, திரும்ப வாங்கிக்கொண்டு, என்ன கடை, என்ன விலை என்று கேட்டேன். கருப்பட்டி என்றார், விலை தெரியவில்லை என்றார். சாம்பல் நிறத்தில் இருந்த விலையை அன்று ராத்திரியே கறுப்பாக்கி, எழுத்தையும் பெரிதாக்கினேன்.

மழைக்காலத்தில் மேலே ஒரு வரி ஏறும்: 'காற்றுப் புகாத டப்பாவில் அனுப்புகிறோம்.' தை பிறந்ததும் எடுத்துவிடுவோம்.

இப்போது நோட்டில் புதிதாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: 'ஒரு டம்ளர் காபிக்கு எவ்வளவு உடைச்சுப் போடணும்?' அதற்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். டம்ளரை யார் பிடிப்பது என்று அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை.