முல்லைக்கு இரக்கம் காட்டாதீர்கள்

எங்கள் வீட்டு முல்லை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை ஏறி, மூன்று ஆண்டுகள் இலையை மட்டுமே காட்டியது. காரணம் நான்தான். வெட்ட மனம் வரவில்லை. முல்லை பூப்பது புதுத் தளிரின் நுனியில். பழங்கொடியை வளர்த்துக்கொண்டே போனால் நிழல்தான் மிஞ்சும்.

இப்போது தை மாதக் கடைசியில் கவாத்து செய்கிறேன். நான்கைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவேன். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. விட்டு, மேலே உள்ளதை எல்லாம் வெட்டுவேன். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய முகம் பச்சை வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிருள்ள கொடி. பழுப்பாக, தக்கைபோல் இருந்தால் இன்னும் கீழே இறங்குங்கள். கத்தரி கூராக இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம். நசுங்கிய காம்பு அழுகும்.

முதல்முறை வெட்டிய அன்று மாலை என் மனைவி குச்சிகளைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் வாரம் கணுக்களில் செம்பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தது.

வெட்டியதும் வேரைச் சுற்றிக் கொத்திவிட்டு, இரண்டு கூடை மக்கிய சாணம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். துளிர் வந்தபின் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கை நீர்க்கக் கரைத்து ஊற்றலாம். மொட்டில் ஓட்டை தெரிந்தால் புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள்.