விட்ட இடத்தை ஏஐ நிரப்பும்: பிராம்ப்ட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ஏஐக்கு இப்படியொரு பிராம்ப்ட், அதாவது வேலை சொல்லும் குறிப்பு, எழுதியிருந்தார்: "வாடிக்கையாளர் பட்டியலுக்கு ஒரு நல்ல தேடல் வசதி செய்து கொடு. பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்." பின்னால் நின்று பார்த்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதியதெல்லாம் அச்சு அசல் இதே ரகம்தான்.

"விவரமாகக் கேள், தெளிவாக எழுது" போன்ற அறிவுரைகளை விட்டுவிடுகிறேன். அவை எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் உதவுவதில்லை. கோவையில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் சின்னக் குழு எங்களுடையது. உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

‘வேகமாக’, ‘எளிதாக’, ‘அழகாக’

எத்தனை வினாடி? எத்தனை கிளிக்? ‘அழகாக’வை எடுத்துவிடுங்கள்.

எண் போட்டாயிற்று, போதும் என்று நினைப்பது

"பெயர் 20 எழுத்துக்கு மேல் போகக் கூடாது." எண் இருக்கிறது, சோதித்துப் பார்க்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் எழுத்து என்றால் எது? ‘மீனாட்சிசுந்தரம்’ என்பது நமக்கு 9 எழுத்து. பைத்தான் என்ற நிரல்மொழியில் நீளம் கேட்டால் 16 என்று சொல்லும், ஏனென்றால் புள்ளியையும் இகர, உகரக் குறிகளையும் அது தனித்தனியாக எண்ணும். கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அதற்கு 48 பைட் இடம் வேண்டும். தரவுத்தளத்தில் அந்த 20ஐ யாராவது பைட் என்று எடுத்துக்கொண்டால் உள்ளே அடங்குவது ‘மீனாட்’ வரைதான். அந்தப் பெயரோடு பில் அச்சாகி வந்தால் கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுச் சோதித்தவருக்கு இது கடைசி வரை கண்ணில் படாது.

நிரலை எழுதிய ஏஐயிடமே டெஸ்ட்டையும் கேட்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அதனால் நீட்டித்தான் சொல்வேன்.

ஒரு மொத்த வியாபாரிக்கு பில்லிங் செய்து கொடுத்தோம். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் சரக்கு போகும். மாநிலம் தாண்டுவதால் ஐஜிஎஸ்டி, அதாவது மத்திய வரி, மாநில வரி என்று பிரியாத ஒரே வரி. நான் எழுதிய பிராம்ப்ட்: "5 சதவீத வரி கணக்கிட்டு, பில்லின் வரித்தொகையை முழு ரூபாயாக ரவுண்டு செய்." நிரல் வந்தது. படித்தேன், சரியாகத்தான் தெரிந்தது. அடுத்து "இதற்கு டெஸ்ட் எழுது" என்றேன். நிரல் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் குட்டி நிரல்தான் டெஸ்ட். 14 டெஸ்ட் வந்தது, 14ம் பச்சை, அதாவது தேறிவிட்டன. டீ குடிக்கப் போய்விட்டேன்.

மாதக் கடைசியில் கணக்காளர் கூப்பிட்டார். "உங்க பில்லுல ஒரு ரூபா குறையுதுங்க. எல்லாத்துலயும் இல்லீங்க, சிலதுல மட்டும்." அந்த ‘சிலதுல மட்டும்’தான் தலைவலி. எல்லாவற்றிலும் தப்பாக வந்திருந்தால் முதல் நாளே யாராவது கத்தியிருப்பார்கள்.

2,250 ரூபாய் சரக்குக்கு 5 சதவீதம் என்றால் 112.50. நிரல் அதை 112 ஆக்கியது. 2,270 ரூபாய்க்கு 113.50. அதை 114 ஆக்கியது. ஒன்றில் கீழே, ஒன்றில் மேலே. நிரல் பைத்தானில் இருந்தது. பைத்தானின் ரவுண்ட் கட்டளை சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். ரகசியம் ஒன்றும் இல்லை, அதன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் 170ஆம் பிரிவு வேறு சொல்கிறது: 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய், குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். 112.50 என்றால் 113தான்.

சரி, அந்த 14 டெஸ்ட்டும் என்ன செய்துகொண்டிருந்தன? திறந்து பார்த்தேன். வர வேண்டிய விடையையும் அதே ரவுண்டைப் போட்டே கணக்கிட்டு, நிரல் தந்த விடையோடு ஒப்பிட்டிருந்தது. பரீட்சை எழுதியவனே தாளையும் திருத்தினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்? ஏஐ மீது கோபப்பட்டுப் பயனில்லை. நிரலை மட்டும் காட்டி டெஸ்ட் கேட்டால், நிரல் செய்வதுதான் சரி என்று அது எடுத்துக்கொள்கிறது. 50 பைசாவை என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை. உண்மையில் எனக்கே தெரியாது. கணக்காளரைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பழைய பில்களைத் தோண்டி, வித்தியாசம் வந்தவற்றைப் பட்டியல் போட்டு, அவரிடம் ஒப்படைத்து முடிக்க மூன்று வாரம் ஆனது. மொத்த வித்தியாசத் தொகை, குழுவில் எல்லாரும் ஒரு நாள் டிபன் சாப்பிட்டால் காலியாகிவிடும்.

இப்போது நிரல் கேட்பதற்கு முன்னால் கால்குலேட்டரோடு உட்கார்ந்து இப்படி எழுதிக்கொள்கிறேன்:

சரக்கு 2,249, வரி 112.45, பில்லில் 112
சரக்கு 2,250, வரி 112.50, பில்லில் 113
சரக்கு 2,270, வரி 113.50, பில்லில் 114
சரக்கு 0, பில்லில் 0
2,250 சரக்கு திரும்பி வந்தால், மைனஸ் 113

கடைசி வரியை எழுதும்போதுதான் திரும்பி வரும் சரக்கு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவுக்கு வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியின் ரவுண்ட் 112.5ஐ 113 ஆக்கும், மைனஸ் 112.5ஐ மைனஸ் 112 ஆக்கும். விற்றதையும் திரும்பியதையும் கழித்துப் பார்த்தால் ஒரு ரூபாய் அந்தரத்தில் தொங்கும். மாநிலத்துக்குள் விற்றால் இன்னொரு சிக்கல். அதே 112.50 மத்திய வரி, மாநில வரி என்று பிரிந்து 56.25 வீதம் ஆகும். தனித்தனியாக ரூபாயாக்கினால் கூட்டு 112, சேர்த்து ஆக்கினால் 113. ‘ரவுண்டு செய்’ என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை தீர்மானம் ஒளிந்திருக்கிறது. ஒரு ஜூனியரிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தால், "அண்ணா, சரியா 50 பைசா வந்தா என்ன பண்றது?" என்று எழுந்து வந்து கேட்டிருப்பான். ஏஐ பெரும்பாலும் கேட்பதில்லை. விட்ட இடத்தில் ஏதோ ஒன்றை வைத்து, தயங்கியதே தெரியாமல் முடித்துக் கொடுத்துவிடும்.

டெஸ்ட் நிரலை ஏஐ தட்டச்சு செய்யட்டும், ஆட்சேபணை இல்லை. அதில் உள்ள விடைகள் மட்டும் என் காகிதத்திலிருந்து போக வேண்டும். இன்னொன்று, நிரலில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து, டெஸ்ட் சிவப்பாகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவேன்.

தேதி

03/04 என்றால் ஏப்ரல் 3 என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் அது மார்ச் 4 ஆகும்.

கேள்வி கேட்கச் சொல்லிவிட்டு, ‘உன் விருப்பம்’ என்பது

"தொடங்கும் முன் சந்தேகம் இருந்தால் கேள்" என்று பிராம்ப்ட்டில் சேர்ப்பது நல்ல பழக்கம்தான். அது 12 கேள்வி கேட்கும். முதல் நான்குக்குப் பதில் எழுதுவார்கள். ஐந்தாவதில் அலுப்புத் தட்டி, "மீதி எது சரியோ அப்படிச் செய்" என்பார்கள். பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். கடினமான கேள்விகள் பெரும்பாலும் அந்த மீதியில்தான் இருக்கும். பதில் தெரியாத கேள்விக்கு "இதை இன்னும் முடிவு செய்யவில்லை, இந்தப் பகுதியைத் தொடாதே" என்று எழுதினால் தாராளமாகப் போதும்.

அச்சில் வார்த்துவிட்டால் தேவை தெளிவாகிவிடும் என்று நம்புவது

தேவையை ‘இந்த நிலையில், இது நடந்தால், இது வர வேண்டும்’ என்று எழுதும் ‘கிவன், வென், தென்’ வடிவத்தைக் கற்றுக்கொண்ட புதிதில் எல்லாவற்றையும் அதில் வார்க்கத் தோன்றும். இந்த வடிவத்தில் எழுதியதை டெஸ்ட்டாக ஓட்டும் கியூகம்பர் என்ற கருவியில் தமிழிலேயே எழுதலாம், ‘கொடுக்கப்பட்ட’, ‘எப்போது’, ‘அப்பொழுது’ என்று சொற்களும் இருக்கின்றன. ஆனால் "அப்பொழுது பயனருக்கு நல்ல அனுபவம் கிடைக்கும்" என்று முடித்தால் பழைய பிராம்ப்ட்டுக்குப் புது வேட்டி கட்டியதுதான் மிச்சம். ‘அப்பொழுது’க்குப் பின்னால் திரையில் என்ன தெரியும், எந்த எண் வரும் என்று எழுத முடியாவிட்டால், அந்த வரி இன்னும் பிராம்ப்ட் ஆகவில்லை.

தம்பியின் தேடல் வசதிக்கு வருகிறேன். "‘மீனாட்சி’ன்னு தேடுனா ‘மீனாக்ஷி’யும் வரணுமா?" என்று கேட்டேன். "ஏஐகிட்ட கேக்கட்டுமாண்ணா?" என்றார். கடைக்கு போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் கடைக்காரர் குரல்: "பேரை வெச்சு யாருங்க தம்பி தேடறது? போன் நம்பர்ல கடைசி நாலு நம்பர் போட்டா ஆள் வந்தாப் போதுங்க."