பாரம்பரியத் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ளும் வழிமுறை

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுன் நகரம், மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 109.38 ஹெக்டர் மையப் பகுதியாகவும், அதைச் சுற்றியுள்ள 150.04 ஹெக்டர் காப்புப் பகுதியாகவும் வகுக்கப்பட்டன. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைத்தெரு என்று அழைத்துவரும் லெபோ பாசாரும், அதை ஒட்டிய லெபோ குயின், லெபோ கிங், லெபோ பினாங்கு, லெபோ சூலியா ஆகிய தெருக்களும் இந்த எல்லைக்குள் வருகின்றன. அங்கே மாலை கட்டுவோர், மசாலா அரைப்போர், நகை செய்வோர், முடி திருத்துவோர், மேல்மாடியில் குடியிருப்போர் எனப் பலரும் பிறருடைய கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்படுகிறது. தெருவைக் காக்கும் சட்டங்கள் சுவரையும் கூரையையும் ஐந்தடி நடைபாதையையும் காக்கின்றன; உள்ளே இருப்பவர் அங்கேயே இருக்க அவை வழி செய்வதில்லை. அந்தப் பொறுப்பு பெரும்பாலும் வாடகைதாரரின் கையிலேயே இருக்கிறது.

முன்பு நிலைமை இப்படி இல்லை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் குறைவாக வைத்திருந்ததோடு, வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடியும் தடுத்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்கான இடைக்காலமும் 1999 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. ஏராளமான குடும்பங்கள் அப்போதே நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறின. எஞ்சியிருந்தவர்களுக்கு அடுத்த நெருக்கடி, 2008இல் கிடைத்த பெருமையோடு சேர்ந்தே வந்தது. பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாற்ற விரும்பியவர்கள் தெருவுக்கு வந்தார்கள், வாடகையும் விலையும் ஏறின.

எங்கள் சித்தப்பாவின் மசாலா அரவைக் கடை அப்படித்தான் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நடந்த கடை அது. கட்டடம் கைமாறிய சில மாதங்களில் காலி செய்யும்படி கடிதம் வந்தது. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த வாடகை ரசீதுகளை எல்லாம் மேசையில் கொட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் இருந்தது, எப்போதோ இறந்துபோன பெரியப்பாவின் பெயர். பெயரை மாற்றச் சொல்லி நாங்கள் முன்பே கேட்டிருந்தோம். "அண்ணன் தொடங்கின கடைதானே, அவர் பேரிலேயே இருக்கட்டும்" என்று சித்தப்பா விட்டுவிட்டார். அந்த மரியாதைக்குச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. ஒப்பந்தமும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள பிறை என்ற ஊருக்குப் போய் மறுபடியும் கடை திறந்தார். கடைத்தெருவில் அவரிடம் மிளகாயும் மல்லியும் கொடுத்து அரைத்துப் போனவர்கள், அதற்காகக் கடல் தாண்டி வரவில்லை.

ஒப்பந்தமும் ரசீதும்

ஆகவே முதல் வேலை ரசீதைப் பார்ப்பது. இப்போது கடையை நடத்துபவரின் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடியே அதில் இருக்க வேண்டும். தந்தை அல்லது அண்ணன் பெயரில் இருந்தால், சொந்தக்காரரோடு உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்துப் பழகியவர்கள் வங்கி வழியாகச் செலுத்தத் தொடங்குவது நல்லது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ரசீதின் மை மங்கிப்போனாலும் வங்கிக் கணக்கில் பதிவு நிற்கும்.

அடுத்து, வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 30 நாள்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தி முத்திரையிட வேண்டும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை என்பதால், நூறு இருநூறு வெள்ளியை (ரிங்கிட்டை) மிச்சப்படுத்த நினைத்து இதைத் தள்ளிப்போட வேண்டாம். காலத்தைப் பற்றியும் கவனம் தேவை. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி, மூன்று ஆண்டுகள் வரையிலான வாடகைக்குப் பதிவு தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் போனால் அது குத்தகையாகக் கருதப்படுவதால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும்.

பலருக்கும் தெரியாமல் போகிற ஒரு விவரம் இங்கே இருக்கிறது. பதிவு தேவையில்லாத வாடகை ஒப்பந்தம், கட்டடத்தைப் புதிதாக வாங்குபவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. நில அலுவலகத்தில் விண்ணப்பித்து, அந்த நிலத்தின் பட்டாவில் உங்கள் வாடகை உரிமையைக் குறிப்பாக ஏற்றிவிட்டால், அதன் பிறகு வாங்குபவர் மீதம் உள்ள காலம் முழுவதும் உங்களை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். விற்பனை பதிவாவதற்கு முன்பே இக்குறிப்பு ஏறியிருக்க வேண்டும் என்பதால், விலை பேசுகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே வழக்கறிஞரிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் கட்டடம் வக்பு நிலத்திலோ, இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பிலோ, ஒரு சீனக் கொங்சியின் (குலச் சங்கத்தின்) உடைமையாகவோ இருந்தால், அவரவர் அலுவலக விதிகளையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். ஆயினும் எழுத்து, முத்திரை, பெயர் ஆகிய மூன்றிலும் எங்கேயும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சுவரைத் தொடுவதற்கு முன்

ஜார்ஜ்டவுனுக்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016இல் அரசிதழில் வெளியானது. பாரம்பரியக் கட்டடங்கள் அதில் முதல் வகை, இரண்டாம் வகை எனப் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் கட்டடம் எந்த வகை, மையப் பகுதியா காப்புப் பகுதியா என்பதை மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பாதுகாப்புத் துறையிலோ, லெபோ ஆச்சேயில் உள்ள ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாயம் பூசுவது, பலகை மாட்டுவது, ஓடு மாற்றுவது எதுவானாலும் தொடங்குவதற்கு முன் அவர்களைக் கேட்டுவிட வேண்டும். அனுமதியின்றிச் செய்த வேலை, பின்னாளில் உங்களை வெளியேற்ற ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல எண்ணத்தோடு செய்து கெடுப்பவர்கள் இதில் அதிகம். சித்தப்பாவின் கடையில் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பூச்சு மணலாக உதிரும். ஒரு கொத்தனாரை அழைத்து, சிமெண்டு கொண்டு கெட்டியாகப் பூசச் செய்தார். அடுத்த மழைக்காலத்தில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறியது. அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அவை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறுகிறது. அதோடு போகும் உப்பு செங்கல்லையே அரிக்கிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: சிமெண்டைப் பக்குவமாகக் கொத்தி எடுத்து, உப்பை நீக்கி, சுவரை நன்றாகக் காயவிட்டு, நெடுநாள் ஊறவைத்த சுண்ணாம்பு கொண்டு படிப்படியாகப் பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளை அடிக்க வேண்டும். காலம் பிடிக்கும் வேலை இது. சுண்ணாம்பில் பழகிய கைதான் இதற்குப் பொருந்தும்.

செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள். கூரை, சுவர், உத்தரம், மரத்தளம் சொந்தக்காரர் பொறுப்பு என்றும், உள்ளே உள்ள அலமாரி, விளக்கு, இயந்திரம் உங்களுடையது என்றும் பிரித்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு. பழுதுபார்ப்பதற்காகச் சில மாதங்கள் வெளியே போகச் சொன்னால், திரும்பி வரும் தேதி, திரும்பி வந்த பின் கொடுக்க வேண்டிய வாடகை ஆகிய இரண்டையும் எழுத்தில் பெறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். சாமான்களை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும் ஐந்தடியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழிலைப் பதிவு செய்தல்

யுனெஸ்கோ இந்நகரைத் தேர்ந்தெடுத்தது கட்டடங்களுக்காக மட்டும் அல்ல. ஆசியாவின் பல்லினப் பண்பாடும் மரபும் இங்கே இன்னும் உயிரோடு இருப்பதும் அதன் காரணங்களில் ஒன்று. அந்த உயிர் என்பது மாலை கட்டும் விரலும், அரவை இயந்திரத்தின் ஓசையும், கும்பிட்டு வருபவரும்தான். எனவே உங்கள் தொழில் பதிவாகியிருப்பது, பின்னர் உங்களுக்காகப் பேச வருபவர்களுக்கு ஆதாரமாக அமையும். கடை தொடங்கிய ஆண்டு, நடத்திய தலைமுறைகள், பயன்படுத்திய கருவிகள், பழைய உரிமம், பழைய படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். வீட்டில் மூத்தவரைத் தமிழிலேயே பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். 1986இல் தொடங்கப்பட்ட பினாங்குப் பாரம்பரிய அறக்கட்டளையும், மேலே சொன்ன உலகப் பாரம்பரிய நிறுவனமும் இத்தகைய பதிவுகளில் அக்கறை உள்ளவை.

தெருவின் வழக்கங்களையும் அதே கோப்பில் எழுதுங்கள். லெபோ பினாங்கில் உள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் காலையில் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. 1894 முதல் உள்ள இரதம் அது. 1833இல் எழுந்த லெபோ குயின் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து 2017 முதல் தங்க இரதமும் போகிறது. 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், லெபோ சூலியாவில் உள்ள நாகூர் தர்காவும் சில நிமிட நடைதூரத்தில் இருக்கின்றன. இரதம் வரும்போது எந்தக் கடை வாசலில் தட்டு எடுப்பார்கள், எங்கே தேங்காய் குவிப்பார்கள், யார் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் போய்விட்டால் இரதம் அடைத்த கதவுகளுக்கு நடுவே போகும். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கூடிப் பேசுவதைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று: திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு பகுதிக்கான வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பின் கருத்துக் கூறக் குறைந்தது 4 வாரங்கள் தரப்பட வேண்டும். அந்தக் காலத்துக்குள், பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு மலாய்க் கடிதத்தைக் கொண்டு சேர்த்துவிடுங்கள்.

கடிதம் வந்துவிட்டால்

காலி செய்யும்படி கடிதம் வந்த அன்றே கடையை மூடி வெளியேற வேண்டியதில்லை. வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் இருந்துகொண்டிருந்தால், நீதிமன்ற நடவடிக்கை வழியாக அன்றி அவரை வெளியேற்றக் கூடாது என்று 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 7ஆம் பிரிவு கூறுகிறது. பூட்டை மாற்றினாலோ மின்சாரத்தைத் துண்டித்தாலோ காவல் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை நிறுத்தாதீர்கள், வாங்க மறுத்தால், கொடுக்க முன்வந்ததற்கான சான்று உங்களிடம் இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் பினாங்கில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ, அரசின் சட்ட உதவித் துறையையோ அணுகலாம். அங்கே போகும்போது ஒப்பந்தம், ரசீதுகள், படங்கள், தொழில் கோப்பு ஆகிய அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கடிதம் வந்த உறையையும் எறிந்துவிடாதீர்கள். கைக்குக் கிடைத்த தேதியையும் நேரத்தையும் அதன் மேலேயே எழுதி, ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள்.