முதல் சிறுகதையை எழுதி முடிக்க

கதை எழுத ஆசைப்படுகிறவர்களின் நோட்டைப் புரட்டினால் தொடக்கங்கள் நிறைய இருக்கும். மூன்று பக்கம், நாலு பக்கம், அதோடு நின்றுவிடும். தனக்கு எழுத வராது என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஒரு கதையையாவது கடைசி வரி வரை கொண்டுபோய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். முடித்த கதை எவ்வளவு மோசமாக இருந்தாலும் திருத்தலாம். முடிக்காததைத் திருத்த வழியே இல்லை. ஆகவே முதல் கதைக்கு ஒரே இலக்கு போதும்: மூன்று வாரத்தில் 1500 முதல் 2000 சொல்லுக்குள் ஒரு சிறுகதையை முடித்துக் கையில் வைத்திருப்பது.

கணக்கு எளிது. நாளைக்கு 300 சொல் எழுதினால் ஆறு நாளில் முதல் வரைவு வந்துவிடும். கோடு போட்ட நீள நோட்டில் இது ஏறக்குறைய இரண்டு பக்கம். பிறகு ஒரு வாரம் அதைத் தொடாமல் வைக்க வேண்டும். மீதி நாட்கள் திருத்தத்துக்கு. வேலை, வீடு, குழந்தை என்று இருப்பவர்களுக்கும் நாளைக்கு முக்கால் மணி நேரம் இதற்குப் போதும். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். காலை ஐந்தரை என்றால் ஆறு நாளும் ஐந்தரை.

என்ன எழுதுவது? பெரிய கருத்து தேட வேண்டாம். ‘வரதட்சணைக் கொடுமை’ என்பது தலைப்பு. அதிலிருந்து கதை கிளம்பாது. கதை கிளம்புவது சின்ன இடறலில். வழக்கமாக நடப்பது ஒருநாள் சற்றே மாறி நடக்கிறதே, அந்த இடத்தில். ஓர் உதாரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு போவோம்.

தெருமுனையில் ரவிக்கை தைக்கிற செல்வி. தை மாதம் கல்யாணமான பெண்கள் ஆடிக்குத் தாய்வீடு வருவார்கள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொண்டுவந்து, ‘கொஞ்சம் பிரிச்சு விடுக்கா’ என்பார்கள். ஆறு மாதத்தில் உடம்பு பூசியிருக்கும். இது வழக்கம். ஒருநாள் ஒரு தாய் மகளின் ரவிக்கைகளோடு வந்து, ‘ரெண்டு பக்கமும் பிடிக்கணும்’ என்கிறாள். இதுதான் இடறல். மகள் இளைத்திருக்கிறாள். ஏன் என்று அந்தத் தாய் சொல்லவில்லை. செல்வியால் கேட்கவும் முடியாது.

இப்படிப்பட்ட இடறல்களுக்காகவே ஒரு சின்ன நோட்டு வையுங்கள். பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரித் திண்ணையில் காதில் விழுந்த ஒரு வாக்கியம், கண்ணில் பட்ட ஒரு செய்கை. நாளைக்கு ஒன்று போதும். ஆனால் ‘இன்று சோகமான ஒரு பெண்ணைப் பார்த்தேன்’ என்று குறித்தால் பத்து நாள் கழித்து அது எதற்கும் உதவாது. அவள் கையில் என்ன இருந்தது, என்ன சொன்னாள், எந்தச் சொல்லில் சொன்னாள் என்று குறியுங்கள்.

இடறல் கிடைத்த பின்னும் அது இன்னும் சம்பவம்தான். சம்பவம் கதையாக, யாராவது ஒருவர் எதையாவது செய்வதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை வர வேண்டும். செல்வி கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். ஆடி முடிந்தால் அந்தப் பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். எனவே செல்விக்கு இருப்பது சில நாள்தான். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, ஏன் இப்போதே? இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதிவிட்டுத்தான் முதல் வரிக்குப் போக வேண்டும். நாலாம் நாள் கதை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம், மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாததுதான்.

அடுத்தது, யார் கண்ணால் பார்ப்பது. இதில் எடுக்கிற முடிவு கதையின் ஒவ்வொரு சொல்லையும் பாதிக்கும். தாயின் கண் என்றால் காரணம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அதை வாசகரிடம் மறைத்துவைத்தால் ஏமாற்றுவதுபோல் ஆகும். மகளின் கண் என்றால் கதை தையல் கடைக்குள் நிற்காது, புகுந்த வீட்டுக்குப் போய்விடும். அது வேறு கதை, நீளமான கதை. செல்விக்குத் தெரிந்தது அளவு மட்டும்தான். அவள் அறிந்ததும் அறியாததும் வாசகருக்கும் அப்படியே. முதல் கதைக்கு இந்த மாதிரிக் குறைவாகத் தெரிந்தவரின் கண் மிகவும் உதவும்.

தமிழில் இந்தக் கண்ணைக் காட்டிக்கொடுப்பது உறவுச்சொல்லும் வினைமுற்றும். செல்வியின் பார்வை என்றால் வந்தவள் ‘சரசு அக்கா’. மகளின் பார்வை என்றால் ‘அம்மா’. கதைசொல்லி வெளியே நின்றால் ‘சரசு’. புதிதாக எழுதுகிறவர்கள் முதல் பக்கத்தில் ‘சரசு அக்கா வந்தாள்’ என்று தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் ‘சரசு யோசித்தாள்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரியில் கண் செல்வியிடமிருந்து சரசுவுக்குத் தாவிவிட்டது. எழுதியவருக்குத் தெரியாது, வாசகருக்கு ஏதோ இடிக்கும். ‘வந்தாள்’, ‘வந்தார்’ இரண்டில் எதைப் பிடித்தாலும் கடைசி வரை அதையே பிடியுங்கள்.

இனி முதல் வரைவு. திருத்தாமல் எழுதிக்கொண்டே போங்கள். மெஷினின் ஒரு பாகத்துக்குப் பெயர் தெரியவில்லையா, ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். அகராதியைத் திறக்கும் நேரம் இதுவல்ல. நடுவில் முட்டிக்கொண்டால் கடைசிக் காட்சிக்குத் தாவி அதை முதலில் எழுதுங்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால் நடுவழி தானாகக் கிடைக்கும். போனில் குரல்வழித் தட்டச்சு செய்கிறவர்கள் கவனிக்க: அது பேச்சுவழக்கைத் தானாக எழுத்து வழக்குக்கு மாற்றிவிடக்கூடும், நிறுத்தற்குறிகளையும் விட்டுவிடலாம். விவரணைக்குச் சரி. உரையாடலைக் கையால் தட்டுங்கள்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“சரசு அக்கா மிகுந்த கவலையோடு தையல் கடைக்குள் நுழைந்தாள். கல்யாணமாகி ஆறே மாதத்தில் மகள் இப்படி இளைத்துத் துரும்பாகிவிட்டாளே என்று அவள் மனம் வேதனையில் துடித்தது. ‘மாப்பிள்ளை வீட்டில் அவளைச் சரியாகக் கவனிப்பதில்லை செல்வி’ என்று கண்ணீர் மல்கக் கூறினாள்.”

இதற்காக வெட்கப்பட வேண்டாம். எழுதுகிறவர் தனக்குத் தானே கதையைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிற கட்டம் இது. இது இல்லாமல் அடுத்தது வராது. ஒரு வாரம் கழித்துத் திருத்தும்போது இது இப்படி ஆகலாம்:

“சரசு அக்கா மஞ்சள் பையிலிருந்து நாலு ரவிக்கைகளை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். நாலும் தை மாதம் செல்வி தைத்துக் கொடுத்தவை.

‘பிரிச்சு விடணுமாக்கா?’

‘இல்ல. பிடிக்கணும்.’

செல்வி கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். ‘எவ்வளவு?’

‘ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச்.’

பெடலில் இருந்து கால் இறங்கிவிட்டது. ‘பாப்பா வரலியாக்கா? நேர்ல அளவு எடுத்தா நல்லாருக்கும்.’

‘தூங்குறா. நூலு கலரு ஒத்துப் போற மாதிரிப் பாத்துக்க.’”

என்ன மாறியது? கவலை, வேதனை, கண்ணீர் மூன்றும் போய்விட்டன. அந்த இடத்தில் ஒரு இஞ்ச் வந்திருக்கிறது. உணர்ச்சியின் பெயரைச் சொன்னால் வாசகர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அளவைச் சொன்னால் கணக்குப் போடுவார். கணக்குப் போடுகிற அந்த நொடியில்தான் அவர் கதைக்குள் வருகிறார். ‘நூலு கலரு’ என்று பேச்சை மாற்றுவதைப் பாருங்கள். மனிதர்கள் தாங்க முடியாததைப் பேசும்போது பக்கத்தில் இருக்கும் வேறொன்றைத்தான் பேசுவார்கள். உரையாடலில் கேட்டதற்கு நேராகப் பதில் வருகிற இடங்களை அடிக்கோடிட்டு, அவற்றில் பாதியையாவது இப்படித் திருப்பிப் பாருங்கள்.

‘என்றாள்’ ஒன்றுகூட இல்லாமலே யார் பேசுகிறார் என்று தெரிகிறது. ‘அக்கா’ என்ற விளி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இது தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் பெரிய வசதி. ‘கூறினாள், வினவினாள், பதிலளித்தாள், முணுமுணுத்தாள்’ என்று சொல்லை மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை. தேவைப்படும் இடத்தில் ‘என்றாள்’ போதும்.

விவரணையை எழுத்துத் தமிழில் வைத்து, உரையாடலை அந்தந்த ஊர்ப் பேச்சில் எழுதுவது நம்மிடம் நிலைத்துவிட்ட முறை. ஆனால் எல்லா ஒலியையும் எழுத்தில் பிடிக்கப் போனால் வாசிக்க முடியாது. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு மூன்று அடையாளம் போதும். நெல்லைக்காரருக்கு ‘சொல்லுதேன்’, மதுரைக்காரருக்கு ‘வந்தாய்ங்க’, கோவைக்காரருக்கு ‘ஏனுங்க’, யாழ்ப்பாணத்தாருக்குக் ‘கதைக்கிறது’. எடுத்த வடிவத்தை மாற்றாதீர்கள். ஓரிடத்தில் ‘வந்துட்டா’, இன்னோரிடத்தில் ‘வந்திட்டா’ என்று ஒரே ஆள் பேசக் கூடாது. உங்கள் ஊர் அல்லாத வழக்கை எழுத வேண்டியிருந்தால், கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியும் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் கைகொடுக்கும். அதன் பிறகும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.

வாய்விட்டுப் படிப்பது எல்லாப் பகுதிக்கும் நல்லது. தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால், ‘நிறுத்தினாள். நிமிர்ந்தாள். எடுத்தாள். பார்த்தாள்.’ என்று ஒரே ஓசை அடுக்கிக்கொண்டே போகும். கண்ணால் படிக்கும்போது தெரியாது, காதுக்கு உடனே தெரியும். இரண்டை வினையெச்சமாக்கிச் சேருங்கள்: ‘மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.’ ஒன்றில் எழுவாயைப் பின்னால் தள்ளுங்கள். ஒன்றை வேறு பொருளின் மேல் ஏற்றுங்கள்: ‘டேப் கழுத்திலேயே கிடந்தது.’ ‘கொண்டிருந்தாள்’, ‘திடீரென்று’, ‘அப்போது’, ‘மிகவும்’ ஆகிய நான்கையும் தேடி எண்ணிக்கை பாருங்கள். 2000 சொல் கதையில் ‘திடீரென்று’ இரண்டுக்கு மேல் வந்தால், முன்தயாரிப்பு இல்லாமல் ஏதோ நடக்கிறது என்று பொருள்.

முதல் வரைவின் முதல் பக்கத்தை அப்படியே நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் ஊர் வர்ணனையும் குடும்ப வரலாறும்தான் இருக்கும். செல்வி தையல் கற்றது, அவள் புருஷன் போனது, கடை வாடகை. அது எழுதுகிறவர் சூடேறுவதற்கு எழுதிய பக்கம். கதைக்குத் தேவையான இரண்டு வரி மட்டும் நடுவில் போய் உட்காரட்டும். ‘அவள் நினைவுகள் பின்னோக்கி ஓடின’ என்ற வரி எங்கே வந்தாலும் அடுத்த பத்தியோடு சேர்த்து எடுத்துப் பாருங்கள். அவை இல்லாமலே கதை புரிகிறது என்றால் அவை வேண்டாம்.

முடிவில் தடுமாறாதவர் இல்லை. சாவு, விபத்து, எதிர்பாராத திருப்பம் ஆகிய மூன்றும் முதலில் தோன்றும். முதலில் உங்களுக்குத் தோன்றியது வாசகருக்கும் தோன்றும். முடிவை வெளியே தேடாமல், கதைக்குள் ஏற்கெனவே கிடக்கும் பொருட்களில் தேடுங்கள். நம் கதையில் ரவிக்கை இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது, பிடித்த பிறகு உள்ளே மிஞ்சும் துணி இருக்கிறது. சரசு அக்கா, ‘உள்ள இருக்கறத வெட்டிடு, உறுத்துதுங்கிறா’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கட்டும். செல்வி கத்தரிக்கோலை எடுத்து, வெட்டாமல் கீழே வைக்கிறாள். நாலு ரவிக்கையிலும் துணியை அப்படியே மடித்துத் தைத்துவிடுகிறாள். பிறகு பிரித்து விடலாம். கதை அங்கே நிற்க வேண்டும். ‘அவள் மீண்டும் பூசுவாள் என்ற நம்பிக்கை செல்விக்கு’ என்று ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கும். சேர்த்தால் முந்தைய வரி செத்துவிடும். எழுதி முடித்த எந்தக் கதையிலும் கடைசிப் பத்தியை மறைத்துக்கொண்டு படியுங்கள். பல நேரம் கதை அதற்கு முந்தைய பத்தியிலேயே முடிந்திருக்கும்.

எழுத்துப்பிழை கடைசியில். ‘அந்தப் பையன்’, ‘ஓடிப் போனான்’, ‘கேட்டுக் கொண்டான்’ என்பவற்றில் ஒற்று மிகும். ‘வந்த பையன்’, ‘செய்து கொடுத்தான்’ என்பவற்றில் மிகாது. இந்த ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்தாலே பாதிப் பிழை போய்விடும். பொருளில் ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. வாணி, நாவி ஆகிய இணையத் திருத்திகளும் உதவும். ஆனால் அவை பேச்சு வழக்கையும் பிழை என்று காட்டக்கூடும்; உரையாடலில் அவற்றின் சொல்லைக் கேட்காதீர்கள்.

படிக்கக் கொடுப்பது இரண்டு பேருக்கு. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்பார்கள். ‘எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது, எது புரியவில்லை?’ என்று கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே கோளாறு நிச்சயம். அவர்கள் சொல்கிற மருந்தை ஏற்க வேண்டியதில்லை, வலிக்கிற இடத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது யூனிகோடு எழுத்துருவில், திருத்தக்கூடிய கோப்பாக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றிவிட்டு ஒருமுறை முழுதும் படியுங்கள்; மாற்றத்தில் சில எழுத்துகள் உடைந்திருக்கலாம். சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவரவில்லை என்ற உறுதிமொழி கேட்பார்கள். முகநூலில் போட்டதையும் வெளிவந்ததாகக் கருதும் பத்திரிகைகள் உண்டு. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். பதில் வர மாதங்கள் ஆகலாம். வராமலும் போகலாம். அதற்குப் பக்க நெருக்கடி முதல் அந்த இதழின் ரசனை வரை பல காரணங்கள் இருக்கும். கதை மோசம் என்பது அவற்றில் ஒன்று மட்டுமே. எத்தனை மாதம் காத்திருப்பீர்கள் என்று அனுப்பும் நாளிலேயே ஒரு தேதியைக் குறித்துவையுங்கள். அந்தத் தேதி தாண்டினால் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதித் தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். அதுவரை சின்ன நோட்டில் சேர்ந்திருக்கும் குறிப்புகளில் இன்னொன்றை எடுத்து, மறுநாள் காலை ஐந்தரைக்கு உட்காருங்கள்.