குளிர்காலத்தில் கடலோரம் ஓர் இரவு: முதல்முறை கூடாரம் போடுகிறவர்களுக்கு

குளிர்காலத்தில் கடற்கரையில் தங்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் "குளிருமே" என்றுதான் பயமுறுத்துவார்கள். குளிரையாவது இன்னொரு சட்டை போட்டுச் சமாளிக்கலாம். ஆளைப் படுத்தி எடுப்பது காற்றும் ஈரமும்தான். ஒரே ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. நாள் பார்ப்பது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். அதனால் முதல்முறைக்கு அரைநிலா தெரிகிற நாட்கள் நல்லது. பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி வற்றும். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். மாலை 3 மணிக்கு உச்சம் என்றால் அடுத்தது விடிகாலை 3:25 வாக்கில், அதாவது நீங்கள் குறட்டை விடும் நேரத்தில். போகும் இடத்துக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பார்த்து, நேரத்தைத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

பலத்த காற்று என்று வானிலை அறிவிப்பு சொன்னால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அங்கே இரவு தங்க அனுமதி உண்டா என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

2. இடம் பிடிப்பது

பாதி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே போய்ச் சேருங்கள்.

மணலில் காய்ந்த பாசி, சுள்ளி, சிப்பி எல்லாம் ஒரு கோடு போல ஒதுங்கிக் கிடக்கும். கடல் கடைசியாக எதுவரை வந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படி இரண்டு கோடுகள் தெரிந்தால் மேலே இருப்பதைத்தான் நம்ப வேண்டும். நான் முதல்முறை போனபோது கீழ்க்கோட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தள்ளி இருக்கிறோமே" என்று தெம்பாகப் படுத்தேன். நடு இரவில் கால்பக்கம் சில்லென்றது. டார்ச் அடித்தால், வாசலில் விட்ட செருப்பில் ஒன்று மிதக்கிறது, இன்னொன்றைக் காணோம். மேல்கோட்டைத் தாண்டி, இன்னும் நன்றாக மேடேறிப் போடுங்கள்.

செங்குத்தான பாறைக்கு அடியில் காற்று படாது என்று ஆசையாக இருக்கும். வேண்டாம், மழைக்குப் பிறகு கல் உருளும். மணல்மேட்டுச் செடிகளின் மேலும் போடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான்.

3. கூடாரம் கட்டுவது

கூடாரத்தின் ஒடுங்கிய, தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம். தெளிவான இரவுகளில் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசலாம், அதனால் எல்லாப் பக்கக் கயிறுகளையும் கட்டிவிடுங்கள்.

கயிற்றைக் கட்ட அடிக்கும் சாதாரண முளைக்குச்சி மணலில் நிற்காது, விரலால் இழுத்தாலே வந்துவிடும். ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, பையின் கழுத்தில் கூடாரக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதையுங்கள். மேலே மணலைத் தள்ளி நன்றாக மிதித்துவிடுங்கள். நாலு மூலைக்கும் நாலு பை. போகும்போது வெறும் பையைத்தான் தூக்கிப் போகிறோம், சுமையும் இல்லை.

4. படுக்கை

கனமான ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு அடியில் ஒன்றும் விரிக்காமல் படுப்பவர்கள் உண்டு. உடம்பின் பாரத்தில் கீழ்ப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், அப்புறம் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் ஃபோம் விரிப்பு கட்டாயம், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. பருத்தி உடை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டிப் போடுவது கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும். தூங்குவதற்கென்று ஒரு காய்ந்த ஜோடி காலுறையைத் தனியாக வையுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் தொடாதீர்கள்.

குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தை அடைக்கவே கூடாது. நாம் விடும் மூச்சு கூரையில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, விடியும் நேரத்தில் முகத்தில் சொட்டும்.

5. அடுப்பு

கூடாரத்துக்குள் அடுப்பும் கரியும் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வெளியே, காற்று மறைவில் சமையுங்கள். உறைபனி விழும் இடம் என்றால் பியூட்டேன் வாயு மட்டும் உள்ள அடுப்புக் கேன் வேலைக்கு ஆகாது. 0 டிகிரி வாக்கில் அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். படுக்கும் முன் கொஞ்சம் வெந்நீரை இறுக மூடும் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிக் கால்பக்கம் வைத்தால் நல்ல கதகதப்பு.

6. திரும்பி வந்ததும்

ஜிப்பில் உப்பும் மணலும் சேர்ந்தால் அடுத்த முறை பாதியில் மாட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் கழுவி, கூடாரத்தை நன்றாகக் காயவைத்து மடியுங்கள். எத்தனை தடவை உதறினாலும் மூலையில் ஒரு பிடி மணல் இருக்கத்தான் செய்யும்.